கடைசிக் கம்பத்து வீடு

வோல்டேஜ் ஏன் இறங்குகிறது, எங்கே பிடித்து நிறுத்தலாம், எதற்கு முதலில் செலவழிக்க வேண்டும்? பத்மநாபபுரத்திலிருந்து ஒரு சிறப்புப் பார்வை

மாலை ஏழு மணி. பத்மநாபபுரம் கோட்டைக்குள் வீடுகளில் விளக்கு எரியத் தொடங்கிவிட்டது. ஒரு வீட்டில் தீயலுக்கு வறுத்த தேங்காய் மிக்ஸியில் அரைபடுகிறது. அடுத்த வீட்டில் மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிறார்கள். எதிர்வீட்டில் ஏ.சி. ஓடத் தொடங்குகிறது. அந்த வரிசையில் கடைசியாக இருக்கும் வீட்டில் மட்டும் ஃபேன் இறக்கைகளை எண்ணிவிடலாம் போல் வேகம் குறைகிறது. ஃபிரிட்ஜின் மேல் இருக்கும் ஸ்டெபிலைசர் 'டக்' என்கிறது. சில நொடியில் இன்னொரு 'டக்'. பிறகு சிவப்பு விளக்கு. அடுக்களையிலிருந்து குரல் வருகிறது: "மக்களே, அந்த ஃபிரிட்ஜை அணைச்சுப் போடு. கரண்டு டிம்மா வருது."

குமரி மாவட்டத்தில் இந்தக் குரல் கேட்காத வீதி குறைவு. கோடை வந்தால் தமிழ்நாடு முழுவதுமே இதே பேச்சுதான். 2024 மே 2-ஆம் தேதி மாநிலத்தின் மின் தேவை 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. அந்தத் தேவை நிறைவேற்றவும்பட்டது. ஆனால் மாநிலத்துக்குப் போதுமான மின்சாரம் கிடைத்த அதே மாலையில் கடைசிக் கம்பத்து வீட்டுக்கு 230 வோல்ட் போய்ச் சேர்ந்ததா என்பது தனிக் கேள்வி. உற்பத்தியைப் பற்றிச் செய்தித்தாள்களில் நிறையப் படிக்கிறோம். வீட்டு வாசலில் வந்து சேரும் மின்னழுத்தத்தை யார், எங்கே, எந்தப் பொருளைக் கொண்டு கட்டுப்படுத்துகிறார்கள் என்பதைப் பேசுவது குறைவு. கருவிகள் எரிவதும் உயிர்கள் போவதும் அந்த இடத்தில்தான்.

விளைகளுக்கு நடுவே நீளும் கம்பி

மதுரைப் பக்கத்து ஊர்களில் வீடுகள் நெருங்கி நிற்கும். குமரியில், அதுவும் கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் அப்படி இல்லை. தென்னையும் பலாவும் ரப்பரும் நிற்கும் ஒவ்வொரு விளைக்குள்ளும் ஒரு வீடு. ஊர்ப் பெயர்களிலேயே 'விளை' ஒட்டிக்கொண்டிருக்கும் மாவட்டம் இது. கண்ணுக்குக் குளிர்ச்சியான இந்தக் குடியிருப்பு முறையால் ஒரு டிரான்ஸ்பார்மரிலிருந்து கிளம்பும் தாழ்வழுத்தக் கம்பி வளைந்து வளைந்து வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது.

தெருமுனை டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டை வாங்கி 433 வோல்ட்டாக இறக்கித் தருகிறது. அது மூன்று ஃபேஸ்களுக்கு இடையே உள்ள அளவு. ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே பார்த்தால் 250 வோல்ட். வழியில் கொஞ்சம் இழந்தாலும் வீட்டுக்கு 230 போய்ச் சேரட்டும் என்றுதான் தொடக்கத்திலேயே கூடுதலாக வைத்திருக்கிறார்கள். ஆனால் 'ஸ்குவிரல்' என்று லைன்மேன்கள் சொல்லும் மெல்லிய அலுமினியக் கம்பிக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1.4 ஓம் மின்தடை உண்டு. டிரான்ஸ்பார்மரிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வீடுகளுக்கு, போகும் கம்பியும் திரும்பும் நியூட்ரலுமாகச் சேர்த்தால் ஒரு கிலோமீட்டர். அந்தக் கடைசிப் பகுதியில் எல்லாரும் சேர்ந்து 40 ஆம்பியர் இழுத்தால் கம்பியே 56 வோல்ட்டைத் தின்றுவிடும். மிச்சம் 194.

கோதையாற்றுப் பாசனத்தில் கடைமடை விவசாயியின் பாடு நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அணையில் தண்ணீர் இருக்கும், தலைமடையில் வாய்க்கால் நிறைந்து ஓடும், கடைசி வயலுக்கு வரும்போது ஈரம்தான் மிஞ்சும். மின்கம்பியிலும் நடப்பது அதுதான். மேலே உள்ளவர் இழுப்பதைப் பொறுத்தே கீழே உள்ளவருக்குக் கிடைக்கும்.

தாழ்வழுத்த இணைப்பில் மின்னழுத்தம் குறித்த அளவிலிருந்து 6 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்று 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளே சொல்லிவிட்டன. 230-ஐ வைத்துக் கணக்கிட்டால் 216-க்குக் கீழே இறங்கவும் 244-க்கு மேலே ஏறவும் கூடாது. விதி வந்த காலத்து வீட்டில் நாலு குண்டு பல்பும் ஒரு ரேடியோவும் இருந்தால் பெரிது. 2006-இல் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டமும் 2011-இல் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டமும் வந்தன. வளைகுடாச் சம்பளம் வந்த வீடுகளில் வாட்டர் ஹீட்டரும் ஏ.சி.யும் ஏறின. கருவிகள் பெருகிய வேகத்தில் டிரான்ஸ்பார்மர்கள் பெருகவில்லை, கம்பிகள் தடிக்கவில்லை.

▪ பெட்டிச் செய்தி: 180 வோல்ட்டில் என்ன நடக்கும்?

அயர்ன் பாக்ஸ், வாட்டர் ஹீட்டர்: வெப்பக் கம்பியில் செலவாகும் திறன், மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும். 230 வோல்ட்டில் 1,000 வாட் தரும் அயர்ன் பாக்ஸ் 180 வோல்ட்டில் 612 வாட்தான் தரும். கருவிக்குக் கேடில்லை, வேலைதான் தாமதம்.

ஃபிரிட்ஜ், மோட்டார்: இங்கேதான் ஆபத்து. கம்ப்ரசர் சுற்றத் தொடங்கத் தேவையான முறுக்குவிசை கிடைக்காமல் திணறும். திணறும்போது கூடுதல் மின்னோட்டம் பாயும். காயில் சூடேறி, இன்சுலேஷன் உருகி, கடைசியில் எரியும்.

மொபைல் சார்ஜர், எல்.இ.டி. டி.வி.: பெரும்பாலானவை 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் ஏற்றுக்கொள்ளும். ஒன்றும் ஆகாது.

ஃபேன்: வேகம் குறையும். 'கண்டென்சர் போயிருச்சு' என்று உடனே மாற்றுவார்கள். மாற்றும் முன் வோல்டேஜைப் பார்த்தால் வீண் செலவு மிச்சம்.

ரெகுலேட்டருக்குள் ஒரு வரலாறு

மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கலையை வீட்டிலேயே பார்க்க வேண்டுமென்றால் ஃபேன் ரெகுலேட்டரைப் பார்த்தால் போதும். நம் வீடுகளில் அது மூன்று தலைமுறைகளாக இருக்கிறது.

முதல் தலைமுறை, சுவரில் பெட்டியாகத் துருத்திக்கொண்டிருந்த பழைய ரெகுலேட்டர். உள்ளே ரெசிஸ்டர் கம்பிச் சுருள். வேகத்தைக் குறைத்தால் குறைத்த மின்னழுத்தம் அந்தச் சுருளில் வெப்பமாக மாறும். கையை வைத்தால் சுடும். ஃபேன் மெதுவாகச் சுற்றினாலும் மின் கட்டணம் பெரிதாகக் குறையாததற்குக் காரணம் அந்தச் சூடுதான்.

இரண்டாவது, கெபாசிட்டர் ரெகுலேட்டர். 'டிக் டிக்' என்று படிப்படியாகத் திரும்புவது. கெபாசிட்டர் மாறுதிசை மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும்; ஆனால் ஆற்றலை வெப்பமாக வீணாக்காமல் தன்னுள் வாங்கித் திருப்பிக் கொடுத்துவிடும். அதனால் சூடு இல்லை, இரைச்சலும் இல்லை. இன்று கடைகளில் அதிகம் விற்பது இதுதான். சாதாரண ஃபேனுக்குச் சரியானதும் இதுதான்.

மூன்றாவது, குமிழைத் திருக வேகம் சீராகக் கூடும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர். உள்ளே நகக்கண் அளவில் மூன்று கால் கொண்ட ஒரு பொருள் இருக்கும்: டிரையாக். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று, அதாவது 100 அரை அலைகளாக வருகிறது. டிரையாக் ஒவ்வொரு அரை அலையின் தொடக்கத்திலும் கதவைச் சாத்தி வைத்து, குமிழ் சொல்லும் நேரத்தில் திறந்துவிடும். சீக்கிரம் திறந்தால் முழு வேகம், தாமதித்துத் திறந்தால் குறைந்த வேகம். வெட்டுப்பட்ட அலையால் ஃபேனில் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் வருவதுண்டு. குமிழை எப்படித் திருகினாலும் ஃபேன் முழு வேகத்தில் மட்டுமே ஓடுகிறதா? டிரையாக் ஷார்ட் ஆகியிருக்கும். தக்கலைப் பக்கத்து ரிப்பேர் கடைகளில் 'பி.டி.136' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

இந்தச் சிறு பொருளின் மூத்த உறவு தைரிஸ்டர். 1957-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் அது உருவானது. அதற்கு முன் பெரிய மின்திறனை அடக்கியாள ரெசிஸ்டரும் டிரான்ஸ்பார்மரும் பாதரச வால்வுகளும் தேவைப்பட்டன. சிலிக்கான் சில்லு ஒன்று கதவு திறக்கும் நேரத்தை மாற்றியே அதைச் செய்யத் தொடங்கியது ஒரு பெரிய திருப்பம். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூர் நிலையத்துக்கு சுமார் 1,765 கிலோமீட்டர் தூரம் 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்டமாக 6,000 மெகாவாட் கொண்டுவரும் பாதையில், இரு முனைகளிலும் மாறுதிசையை நேர்மின்னோட்டமாக்கி, திரும்பவும் மாறுதிசையாக்குவது அடுக்கடுக்கான தைரிஸ்டர்கள். அங்கிருந்து திருச்சூருக்குப் போகும் 2,000 மெகாவாட் பாதை 2021 பிப்ரவரியில் தொடங்கி வைக்கப்பட்டது. அதில் இன்னும் விரைவாகத் திறந்து மூடும் ஐ.ஜி.பி.டி. டிரான்சிஸ்டர்கள். படுக்கையறை ஃபேனும் மாநிலங்களைத் தாண்டும் மின்பாதையும் ஒரே தத்துவத்தில் இயங்குகின்றன. பள்ளி அறிவியல் வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்தால் எத்தனை பிள்ளைகள் ரெகுலேட்டரைக் கழற்றிப் பார்க்க ஆசைப்படுவார்கள்!

முப்பந்தல் காற்றும் கெபாசிட்டரும்

ஆரல்வாய்மொழிக் கணவாயில் மே முதல் செப்டம்பர் வரை வீசும் காற்றை நம்பி நிற்கும் முப்பந்தல் காற்றாலைத் தொகுப்பு சுமார் 1,500 மெகாவாட் திறன் கொண்டது. 'இவ்வளவு காற்றாலை பக்கத்தில் இருந்தும் எங்கள் வீட்டில் வோல்டேஜ் இல்லையே' என்ற ஆதங்கம் குமரியில் உண்டு. காற்றாலை இருப்பதும் வீட்டில் வோல்டேஜ் இருப்பதும் வேறு வேறு. காற்றாலை மின்சாரம் உயரழுத்தப் பாதையில் ஏறி மாநிலத் தொகுப்புக்குப் போகிறது. உங்கள் தெருக் கம்பி மெல்லியதாக இருந்தால் முப்பந்தல் பக்கத்தில் இருந்தும் பயனில்லை.

ஆனால் முப்பந்தலுக்கே ஒரு வோல்டேஜ் கதை உண்டு. அங்குள்ள பழைய காற்றாலைகளில் இருப்பவை இண்டக்ஷன் ஜெனரேட்டர்கள். காந்தப்புலத்தை உருவாக்கிக்கொள்ள இவை மின்தொகுப்பிலிருந்தே எதிர்வினைத் திறனை இழுக்கும். இழுக்க இழுக்க அந்தப் பகுதியின் மின்னழுத்தம் தளரும். அதைச் சரிக்கட்டக் கெபாசிட்டர் அடுக்குகளை வைக்கிறார்கள். வைக்காமல் இழுப்பவர்களுக்கு மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கட்டணம் விதித்தது. உங்கள் சீலிங் ஃபேனுக்குள் 2.5 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருக்கும் கண்டென்சரின் குடும்பம்தான் அந்த அடுக்குகளும். புதிய காற்றாலைகள் மின்னணு கன்வர்ட்டர்கள் வழியே இணைவதால் இந்தச் சிக்கல் குறைந்திருக்கிறது.

துணை மின்நிலையங்களில் இன்னொரு காவல் இருக்கிறது. 110 கிலோவோல்ட்டை இறக்கும் பெரிய டிரான்ஸ்பார்மர்களில், மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சுற்று எண்ணிக்கையை மாற்றும் டேப் சேஞ்சர் உண்டு. பகலில் ஒரு நிலை, மாலை நெருக்கடியில் வேறு நிலை. ஆனால் தெருமுனை டிரான்ஸ்பார்மரில் அந்த வசதி இல்லை. இருக்கும் ஒன்றிரண்டு நிலைகளையும் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் மாற்ற முடியும். ஆக, துணை மின்நிலையம் வரை வோல்டேஜைப் பார்த்துக்கொள்ள ஆளும் கருவியும் உண்டு. அதற்குப் பிறகு, கடைசிக் கம்பம் வரை, யாரும் இல்லை. அந்த வெற்றிடத்தில் வந்து உட்கார்ந்ததுதான் ஸ்டெபிலைசர்.

'டக்' என்னும் ஓசை

இயற்பியல் படித்த இளைஞரான கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளி, 1977-இல் கொச்சியில், தந்தையிடம் ஒரு லட்ச ரூபாய் வாங்கி, இரண்டு பணியாளர்களுடன் ஸ்டெபிலைசர் செய்யத் தொடங்கினார். அதுதான் வி-கார்டு. கேரளத்தின் தாழ்ந்த வோல்டேஜில் பிறந்த தொழில் அது. குமரி வீடுகளிலும் ஃபிரிட்ஜ் வாங்கினால் கூடவே ஸ்டெபிலைசர் வாங்குவது எழுதாத சட்டமாயிற்று.

உள்ளே இருப்பது எளிமையான ஏற்பாடு. பல இடங்களில் முனை எடுக்கப்பட்ட ஆட்டோ-டிரான்ஸ்பார்மர் ஒன்று. அந்த முனைகளை மாற்றிப் போட இரண்டு மூன்று ரிலேக்கள். உள்ளே வரும் மின்னழுத்தத்தை ஒரு ஜீனர் டயோடின் நிலையான மின்னழுத்தத்தோடு ஒப்பிட்டு முடிவெடுக்கும் சிறு சர்க்யூட். 'டக்' என்பது ரிலே முனை மாறும் ஓசை. குறைந்தால் ஏற்றும், கூடினால் இறக்கும், எல்லை மீறினால் துண்டிக்கும். துண்டித்த பிறகு சில நிமிடம் காத்திருந்து இணைப்பது கம்ப்ரசரின் அழுத்தம் சமன்பட்டுக்கொள்வதற்காக. அதைப் பொறுக்காமல் அணைத்து அணைத்துப் போடுவது ஃபிரிட்ஜைக் கொல்லும் வேலை.

ஆனால் ஸ்டெபிலைசர் மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. 160 வோல்ட்டை 220 ஆக்கித் தருகிறது என்றால் அந்தக் குறையை மின்னோட்டத்தைக் கூட்டி ஈடுகட்டுகிறது. 1,000 வாட் ஏ.சி. 220 வோல்ட்டில் சுமார் 4.5 ஆம்பியர் எடுக்கும். வாசலில் 160 மட்டுமே வரும்போது ஸ்டெபிலைசர் வழியாக அதே ஏ.சி. கம்பியிலிருந்து இழுப்பது 6.25 ஆம்பியர், உள்ளே ஏற்படும் இழப்பு தனி. கூடுதல் மின்னோட்டம், கம்பியில் கூடுதல் இறக்கம். அதாவது என் வீட்டு ஸ்டெபிலைசர் பக்கத்து வீட்டு வோல்டேஜை இன்னும் இறக்குகிறது. அவர் தானும் ஒன்று வாங்குகிறார். தெரு முழுவதும் வாங்கிய பிறகு, ஸ்டெபிலைசர் இல்லாத ஏழை வீட்டின் மோட்டார்தான் எரிகிறது. ஒரு பொதுக் குறையை ஒவ்வொருவரும் தனித்தனியாகக் காசு கொடுத்துத் தீர்த்துக்கொள்ள முயல்வதன் விளைவு இது. மின்வாரியத்திடம் ஒன்றாகச் சேர்ந்து கேட்க வேண்டிய நல்ல வோல்டேஜை நாம் கடையில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

▪ பெட்டிச் செய்தி: எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம்?

வேண்டும்: பழைய வகை ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் இல்லாத ஏ.சி. கருவியின் வாட் அளவுக்கு மேல் தாராளமான திறனும், உங்கள் வீட்டில் உண்மையில் வரும் குறைந்த வோல்டேஜைத் தாங்கும் எல்லையும் பார்த்து வாங்க வேண்டும்.

பெரும்பாலும் வேண்டாம்: இன்வெர்ட்டர் ஏ.சி., இன்வெர்ட்டர் ஃபிரிட்ஜ். எந்த வோல்டேஜ் முதல் எது வரை தாங்கும் என்று கருவியிலேயே எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

வேண்டாம்: எல்.இ.டி. டி.வி., கம்ப்யூட்டர், சார்ஜர்.

ஃபேன்: 75 வாட் பழைய ஃபேனுக்குப் பதில் சுமார் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் போட்டால் வோல்டேஜ் இறங்கினாலும் வேகம் குறைவதில்லை. சீலிங் ஃபேன்களுக்கு 2023 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடு கட்டாயம்.

சார்ஜர் ஏன் கலங்குவதில்லை?

பழைய ரேடியோவுக்கு 'எலிமினேட்டர்' என்று ஒரு கனத்த பெட்டி இருந்தது நினைவிருக்கும். இரும்பு டிரான்ஸ்பார்மர் 230-ஐ இறக்கும், நாலு டயோடு நேர்மின்னோட்டமாக்கும், கெபாசிட்டர் அலையைத் தட்டையாக்கும், பிறகு 7805 போன்ற ரெகுலேட்டர் சில்லு சரியாக 5 வோல்ட்டில் பிடித்து நிறுத்தும். மிஞ்சியதை வெப்பமாக வெளியேற்றும். எலக்ட்ரானிக்ஸ் கற்கும் பிள்ளைகள் இன்றும் முதலில் கட்டுவது இதைத்தான். எல்.எம்.317 என்ற சில்லோடு இரண்டு ரெசிஸ்டர் சேர்த்தால் வேண்டிய மின்னழுத்தத்தைத் திருகி எடுக்கலாம். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை.

இன்றைய சார்ஜரில் வரிசை தலைகீழ். 230 வோல்ட்டை முதலிலேயே டயோடுகள் நேர்மின்னோட்டமாக்குகின்றன. அலையின் உச்சமான 325 வோல்ட் வரை கெபாசிட்டரில் நிற்கும். அதை ஒரு டிரான்சிஸ்டர் நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, விரல் நுனி அளவு டிரான்ஸ்பார்மருக்குள் செலுத்துகிறது. வெளியே எவ்வளவு வருகிறது என்று பார்த்து, வெட்டும் நேரத்தை நொடிக்கு நொடி திருத்திக்கொள்கிறது. அதனால்தான் 120 வந்தாலும் 240 வந்தாலும் போன் ஒரே மாதிரி சார்ஜ் ஆகிறது. இதைத் திறந்து பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கெபாசிட்டரில் ஆளை அடிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

நியூட்ரல் அறுந்தால்

இதுவரை சொன்னதெல்லாம் வோல்டேஜ் குறைவதைப் பற்றி. அதைவிடக் கொடியது திடீரென்று கூடுவது. 'ஒரே நேரத்தில் தெருவில் பத்து வீட்டு டி.வி. போச்சு' என்ற செய்தியின் பின்னால் பெரும்பாலும் இருப்பது இடியல்ல, அறுந்த நியூட்ரல்.

கம்பத்தில் மூன்று ஃபேஸ், ஒரு நியூட்ரல். உங்கள் வீடு ஒரு ஃபேஸில், எதிர்வீடு இன்னொரு ஃபேஸில். இரண்டு வீட்டு மின்னோட்டமும் நியூட்ரல் வழியே டிரான்ஸ்பார்மருக்குத் திரும்புகிறது. அந்த நியூட்ரல் எங்கோ அறுந்தால் மின்னோட்டம் நிற்பதில்லை. உங்கள் வீட்டுக்குள் வந்து எதிர்வீடு வழியாக அடுத்த ஃபேஸுக்குப் போய்விடுகிறது. இரண்டு வீடும் சேர்ந்து 400 வோல்ட்டைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அந்தப் பங்கு சமமாக இருக்காது. எதிர்வீட்டில் 1,000 வாட் ஹீட்டர் மட்டும் ஓடுகிறது, உங்கள் வீட்டில் 100 வாட் கருவி ஒன்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்படி ஹீட்டருக்குக் கிடைப்பது 36 வோல்ட். உங்கள் கருவிக்கு 364 வோல்ட். குறைவாக மின்சாரம் பயன்படுத்தும் வீடுதான் முழு அடியையும் வாங்குகிறது.

குமரியில் இதற்கு வாய்ப்பு அதிகம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் மாவட்டம். ரப்பர்க் கிளை முறிந்து விழும், தென்னை மட்டை கம்பியில் சரியும், கடல் காற்றின் உப்பு இணைப்புகளை அரிக்கும். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் ஆயிரக்கணக்கான கம்பங்களைச் சாய்த்து மாவட்டத்தை நாள்கணக்கில் இருட்டில் தள்ளியது. அத்தகைய பேரிடரில் மொத்தமாக மின்சாரம் நின்றுவிடுகிறது. சாதாரண மழைநாளில் ஒரு கிளை நியூட்ரலை மட்டும் அறுத்துவிட்டு ஃபேஸை விட்டுவைப்பதுதான் வீடுகளுக்கு நேரடி ஆபத்து. அறிகுறி தெளிவானது: சில விளக்குகள் திடீரென்று கண்ணைக் கூசும்படி எரியும், பக்கத்து வீட்டில் மங்கும். அந்த நொடியே மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். 'என்னவென்று பார்ப்போம்' என்று நிற்கக் கூடாது.

இதைத் தடுக்க எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இருக்கும் சர்ஜ் பாதுகாப்பு உதவாது. அதற்குள் இருக்கும் எம்.ஓ.வி. என்ற சிறு வட்டில், இடியால் வரும் கண்ணிமைப்பொழுது அடியை மட்டும் தானே வாங்கிக்கொள்ளும். தொடர்ந்து 360 வோல்ட் வந்தால் அதுவே கருகிப்போகும். எம்.சி.பி.யும் உதவாது, அது மின்னோட்டத்தைத்தான் பார்க்கும், மின்னழுத்தத்தை அல்ல. தேவைப்படுவது, வோல்டேஜ் எல்லை தாண்டியதும் வீட்டையே துண்டிக்கும் ஓவர்-அண்டர் வோல்டேஜ் கட்-ஆஃப். டிபி பாக்ஸில் ஓர் எம்.சி.பி. அளவு இடம் போதும்.

அடுத்தது எர்த். பத்மநாபபுரம், தக்கலைப் பகுதியின் சரளை கலந்த செம்மண் கோடையில் காய்ந்தால் எர்த் குழிக்கும் பூமிக்கும் தொடர்பு தளர்ந்துவிடும். வீடு கட்டிய ஆண்டில் கரியும் உப்பும் போட்டு மூடிய குழியை அதன் பிறகு திரும்பிப் பார்க்காத வீடுகளே அதிகம். எர்த் இல்லாத வீட்டில் ஹீட்டரின் உடலில் கசியும் மின்சாரம் போக வழியின்றிக் காத்திருக்கிறது. ஈரக் கையோடு தொடுபவர்தான் அந்த வழியாகிறார்.

அந்த உயிரைக் காப்பது ஆர்.சி.சி.பி. ஃபேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று மட்டும் அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால், அதாவது அவ்வளவு மின்சாரம் ஒரு மனிதர் வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ மண்ணுக்குப் போனால், உடனே துண்டித்துவிடும். ஃபிரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் வாங்கியிருக்கும் எத்தனையோ வீடுகளில் மனிதர்களுக்கான இந்தக் கருவி இல்லை. இதை எழுதும்போது எனக்குக் கோபமே வருகிறது. கெட்டுப்போன ஃபிரிட்ஜை மறுபடி வாங்கிவிடலாம்.

நண்பகலில் ஏறும் வோல்டேஜ்

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் கூரை சோலாருக்கு 78,000 ரூபாய் மானியம். இது புதிய நிலைமையைக் கொண்டுவந்திருக்கிறது. மாலையில் வோல்டேஜ் இறங்கும் அதே நீளமான கம்பியில் நண்பகலில் வீடுகள் மின்சாரத்தைத் திருப்பி ஏற்றுகின்றன. யாரும் பெரிதாகப் பயன்படுத்தாத அந்த நேரத்தில் கடைசிக் கம்பத்தில் வோல்டேஜ் எகிறும். 253 வோல்ட்டைத் தாண்டினாலும், 184-க்குக் கீழே இறங்கினாலும், சோலார் இன்வெர்ட்டர் தானாகத் துண்டித்துக்கொள்ள வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் 2013 விதி. நல்ல வெயிலில் சோலார் நின்று நின்று ஓடுகிறது என்று கம்பெனிக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் அந்த நேரத்து வோல்டேஜைக் குறித்து வையுங்கள். கோளாறு கூரையில் இருக்காது, கம்பியில் இருக்கலாம். சோலார் பெருகும் தெருக்களில் கம்பியைத் தடிப்பாக்காமல் மானியம் மட்டும் கொடுத்துக்கொண்டே போவது பாதி வேலைதான்.

எங்கே சொல்வது, எப்படிச் சொல்வது?

'லோ வோல்டேஜ்' என்று வாய்மொழியாகச் சொன்னால் யாரும் பொருட்படுத்துவதில்லை. எண்ணாகச் சொல்ல வேண்டும். சாக்கெட்டில் செருகினால் வோல்டேஜைக் காட்டும் சிறு டிஜிட்டல் மீட்டர் சில நூறு ரூபாய்தான். ஒரு வாரம் காலை, நண்பகல், மாலை என்று தேதி, நேரத்தோடு குறியுங்கள். தெருவில் நாலைந்து வீட்டார் சேர்ந்து குறித்தால் வோல்டேஜ் எந்தக் கம்பத்துக்குப் பிறகு இறங்குகிறது என்பதே தெரிந்துவிடும். அந்தப் பட்டியலோடு பிரிவு அலுவலகத்தில் எழுத்தாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணிலும் பதியுங்கள்.

வோல்டேஜ் புகாரைக் குறித்த காலத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று மாநில ஒழுங்குமுறை ஆணையத்தின் 2004-ஆம் ஆண்டு செயல்திறன் ஒழுங்குமுறைகள் கட்டாயப்படுத்துகின்றன. தீராவிட்டால் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதன் பிறகு மின் குறைதீர்ப்பாளர். இரண்டும் 2003 மின்சாரச் சட்டம் தந்த உரிமை. கேட்க வேண்டியதும் தெளிவாக இருக்கட்டும்: கூடுதல் டிரான்ஸ்பார்மர், தடித்த கம்பி, மூன்று ஃபேஸிலும் வீடுகளைச் சமமாகப் பிரித்தல், நியூட்ரல் இணைப்புகளைச் சரிபார்த்தல். கடைசி இரண்டுக்கும் புதிய முதலீடு எதுவும் வேண்டாம். லைன்மேனின் ஒரு நாள் வேலை போதும்.

வீட்டுக்குள் செலவழிக்கும் வரிசையையும் மாற்றுவோம். முதலில் எர்த் குழியும் ஆர்.சி.சி.பி.யும். அடுத்து ஓவர்-அண்டர் வோல்டேஜ் கட்-ஆஃப். பியூஸ் கட்டையில் ஒயர் நரம்பைச் சுற்றி வைத்திருந்தால் அதை எடுத்துவிட்டுச் சரியான எம்.சி.பி. அதற்குப் பிறகே ஸ்டெபிலைசர். ஆர்.சி.சி.பி. ஏற்கெனவே இருக்கிறதென்றால் அதில் உள்ள 'டெஸ்ட்' பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். சுவிட்ச் விழவில்லை என்றால் அன்றே எலக்ட்ரீஷியனை வரவழைத்து மாற்றிவிடுங்கள்.